பவுடர் ப்ளூ மீன் மேல வெள்ளைப் புள்ளி: ரீஃப் டேங்க்லயே காப்பர் மருந்து போடலாமா?

களியக்காவிளை_ரீஃப்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

நாலடி ரீஃப் டேங்க், அதாவது கோரல் (பவளம்) வளர்க்கிற கடல்தண்ணித் தொட்டி, தண்ணி 250 லிட்டர் வரும். டிரை ராக், ரெண்டு இஞ்சு மணல், ஸோவாந்தஸ், மஷ்ரூம் கோரல், ரெண்டு கிளீனர் ஷ்ரிம்ப் (இறால்), டர்போ நத்தை. மீன்: க்ளவுன் ஜோடி, கோரல் பியூட்டி ஒண்ணு, யெல்லோடெயில் டாம்செல் ஒண்ணு, கடைசியா வந்த பவுடர் ப்ளூ ஒண்ணு. வெப்பம் 27, எஸ்ஜி (உப்பைக் காட்டுற ஒப்படர்த்தி) 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்.

முந்தாநாள் பவுடர் ப்ளூ உடம்புலயும் துடுப்புலயும் உப்புப் பரல் மாதிரி புள்ளி. பாறையில போய் உரசுது. இன்னைக்குக் காலைல பாத்தா பாதிக்கு மேல காணோம், ஆனா க்ளவுன் துடுப்புல புதுசா ரெண்டு மூணு தெரியுது. எல்லாமே தீனி எடுக்குது.

கடையில சொன்னது: வெப்பத்தை 32க்கு ஏத்துங்க, தீனியில பூண்டு கலந்து குடுங்க, ‘ரீஃப் சேஃப்’ மருந்து ஒண்ணு ஊத்துங்க. வீட்டுல ரப்பருக்கு அடிக்க வாங்கின துருசு (காப்பர் சல்பேட்) இருக்கு, அதுவும் காப்பர்தானே, அதையே டேங்க்ல கணக்குப் போட்டு விட்டா என்ன? காலியா 60×38 செ.மீ. கண்ணாடித் தொட்டி ஒண்ணும் கிடக்கு.

---

முட்டம்_அலை:

தம்பி, துருசைத் தொடாதீங்க. என்ன நோய்னு முதல்ல முடிவு பண்ணுவோம், ஏன்னா ரெண்டுல ஒண்ணுக்கு உங்களுக்கு நேரமே கிடையாது.

ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு, டார்ச்சை மீனுக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. தனித்தனியா எண்ண முடியுற வெள்ளைப் பரலா இருந்தா கிரிப்டோகேரியான்ங்கிற ஒட்டுண்ணி, நாம இக்குன்னு சொல்றது. எண்ணவே முடியாத நுண்ணிய பொடி, லேசான பொன்னிறத்துல உடம்பு முழுக்கப் படிஞ்சிருந்தா அமிலூடினியம், வெல்வெட். வெல்வெட்டுல புள்ளி கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே செவுள் போயிடும். மூச்சு ரொம்ப வேகமா இருக்கும், வாயை மூட மாட்டேங்கும், வேவ்மேக்கர் (அலை பம்ப்) முன்னாடி தண்ணி இழுப்புல போய் நிக்கும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், தீனியை விட்டுடும். அந்தக் கோலத்துல பாத்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே மொத்தமா போகும். விடியுறவரை காத்திருக்கக் கூடாது.

மூணாவதா ஒண்ணு, க்ளவுனுக்குன்னே வர்ற புரூக்லினெல்லா. புள்ளி இருக்காது. தோல்ல வெள்ளையா சளி திட்டுத்திட்டா உரியும். அதுக்குக் காப்பர் பலன் தராது, ஃபார்மலின்தான். 37 சதவீத ஃபார்மலின் 1 மில்லியை 4 லிட்டர் கடல்தண்ணியில கலந்து, பலமா காத்து விட்டுக்கிட்டே 45 நிமிஷம் முக்கி எடுக்கணும். ஃபார்மலின் தண்ணியில ஆக்சிஜனைக் குறைக்கும், மீன் சாய்ஞ்சா உடனே எடுத்துடணும். பாட்டில் அடியில வெள்ளையா படிவு கட்டியிருந்தா அந்த பாட்டிலை உபயோகிக்காதீங்க. கையுறை போட்டு, காத்தோட்டமான இடத்துல வச்சுத்தான் செய்யணும்.

நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா, பரல் எண்ண முடியுது, தீனி எடுக்குது, புள்ளி வந்து மறையுது. இக்குதான். ஆனாலும் டார்ச் சோதனையை இன்னைக்கே செஞ்சுடுங்க.

பாதிப் புள்ளி காணோம்னு சொன்னீங்கள்ல, அது குணமாகுறது இல்ல. மீன் மேல தெரியுற புள்ளி, தோலுக்கு அடியில உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கிற கட்டம். மூணுலருந்து ஏழு நாள்ல அது தானா கழண்டு விழும், பெரும்பாலும் இருட்டுல, விடியுறதுக்கு முன்னாடி. விழுந்தது மணல்லயோ பாறையிலயோ ஒட்டிக்கிட்டுத் தன்னைச் சுத்தி ஓடு கட்டி உள்ளேயே பிரியும். ஒரு கூட்டுலருந்து நூத்துக்கணக்குல நீந்தும் குஞ்சுகள் வெளிய வரும். அதுக ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாளுக்குள்ள மீனைப் பிடிக்கலைன்னா செத்துடும். அதனால ஒரு வாரம் சுத்தமா இருந்துட்டு அடுத்த அலை பத்து மடங்கா வரும். ‘ஊத்தினேன், மூணு நாள்ல சரியாயிட்டு’ன்னு எந்த மருந்தைப் பத்தி யார் சொன்னாலும் இந்த இடைவெளியைப் பாத்துத்தான் சொல்றாங்க.

---

நாரோயில்_அக்கா:

முட்டம் அண்ணன் சொன்னதுல இருந்தே வைத்தியம் புரிஞ்சிடும். தோலுக்கு அடியில இருக்கும்போது மருந்து எட்டாது, ஓட்டுக்குள்ள இருக்கும்போதும் எட்டாது. நீந்திட்டு வர்ற அந்தக் கொஞ்ச நேரந்தான் காப்பர் அதைக் கொல்லும். அப்படின்னா மீன் இருக்கிற தண்ணியில காப்பர் ஒரு நாள் கூட இறங்காம தொடர்ந்து நிக்கணும். ரீஃப் டேங்க்ல அது நடக்காது. சுண்ணாம்புப் பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சும், ஷ்ரிம்ப், நத்தை, கோரல் எல்லாம் சாகும், அப்புறம் அந்தப் பாறையை நம்பி இறால் வகை எதையும் விட முடியாது. மீனை எல்லாம் வெளிய எடுத்து வேற தொட்டியில காப்பர், மெயின் டேங்க் மீனே இல்லாம காலி. இதுக்குக் குறுக்கு வழி கிடையாது.

கடைக்காரர் சொன்ன மூணும்: 32 டிகிரியில தண்ணியில ஆக்சிஜன் குறையும், செவுள் ஏற்கனவே அடிபட்ட மீனுக்கு அதுவே போதும். பூண்டு தீனி மேல ஆசையைக் கூட்டலாம், ஒட்டுண்ணியைக் கொல்லாது. கோரலை ஒண்ணும் பண்ணாத மருந்து, இந்த ஒட்டுண்ணியையும் ஒண்ணும் பண்ணாது. கிளீனர் ஷ்ரிம்ப் தோலுக்கு அடியில இருக்கிறதை எடுக்காது. தண்ணியில கிருமி கொல்ற யூவி விளக்கு இருந்தா எண்ணிக்கை கொஞ்சம் குறையும், நோய் தீராது.

துருசு விஷயம். துருசுன்னாலும் மயில்துத்தம்னாலும் ஒண்ணுதான். அதுல நீலப் படிகமா இருக்கிறதுல காப்பர் 25.5 சதவீதம், நீர் நீங்கின வெள்ளைப் பொடியில 39.8. ரெண்டுக்கும் ஒரே கிராம் கணக்குப் போட்டா ஒண்ணரை மடங்கு விஷம். விவசாயத்துக்கு வர்ற சரக்குல வேற என்ன உலோகம் கலந்திருக்குன்னும் தெரியாது. சுத்தமான லேப் கிரேடு கிடைச்சாலும் சிக்கல் தீராது. இப்படிக் கட்டுண்டு இல்லாத அயனிக் காப்பருக்கு வேலை செய்யுற அளவு 0.15லருந்து 0.20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). கீழ போனா ஒட்டுண்ணி பிழைக்கும், 0.25 தாண்டினா மீன் தவிக்கும். பிஎச் 8க்கு மேல இருக்கிற கடல்தண்ணியில அது கார்பனேட்டா படிஞ்சு தினமும் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். காப்பரை அளக்குற நம்ம ஹன்னா ஹை ரேஞ்ச் செக்கர் 0.05 பிபிஎம்மும், அதோட ரீடிங்ல 5 சதவீதமும் முன்னப்பின்ன காட்டும். 0.2ல அது பெரிய பிழை, 2.5ல சமாளிக்கலாம். அதனால சீலேட்டட் காப்பர் (வேற பொருளோட கட்டுண்டு படியாம நிக்கிறது) வாங்குங்க, காப்பர் பவர் மாதிரி. அதுக்கு அளவு 2.25லருந்து 2.5 பிபிஎம். கியூப்ரமைன் கிடைச்சா அதோட அளவு வேற, 0.5. ரெண்டையும் குழப்பினா மீன் அன்னைக்கே போயிடும்.

இனி தொட்டி. 60×38, தண்ணி உயரம் 35 செ.மீ. வச்சா 80 லிட்டர். வெறும் கண்ணாடி, மணல் கிடையாது, பாறை கிடையாது, மண்பாண்டம் கிடையாது, கார்பன் கிடையாது, யூவியும் வேண்டாம். ஒளிய ரெண்டு இஞ்சு பிவிசி எல்போ நாலஞ்சு. ஹீட்டர், பவர்ஹெட் (தண்ணியைச் சுத்த விடுற பம்ப்), காத்து பம்ப். கரண்ட் போனா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம், மழைக்காலத்துல நம்ம ஊர்ல மரம் சாய்ஞ்சா ராத்திரி முழுக்க வராது. மெயின் டேங்க் சம்ப்ல (பில்டர் தொட்டியில) பாக்டீரியா பிடிச்சு ஊறின ஸ்பாஞ்ச் இருந்தா அதைப் பில்டரா போடுங்க. ஒட்டுண்ணி கூட வருமேன்னு பயப்பட வேண்டாம், காப்பர் தொட்டிக்குத்தானே போகுது. ஊறின ஸ்பாஞ்ச் இல்லைன்னா அஞ்சு மீனுக்கு 80 லிட்டர்ல ரெண்டாம் நாளே அம்மோனியா ஏறும்.

மேல மூடி வேணும். பவுடர் ப்ளூ மிரண்டா குதிக்கும்.

---

களியக்காவிளை_ரீஃப்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு, எண்ணக்கூடிய பரல்தான், பொடி இல்ல. சீலேட்டட் காப்பரும் செக்கரும் திருவனந்தபுரத்துலருந்து நாளைக்கு வரும்.

ரெண்டு சந்தேகம். டாம்செல் பாறைக்குள்ள போனா வரவே வராது, எப்படிப் பிடிக்கிறது? கோரல் பியூட்டி காப்பர் தாங்காதுன்னு படிச்சேன்.

---

நாரோயில்_அக்கா:

டாம்செல்லை வலையால துரத்தாதீங்க, மத்த மீன் எல்லாம் களைச்சுப் போயிடும். 60 லிட்டர் தண்ணியை டப்பில எடுத்து வச்சுட்டு, பாறையை ஒவ்வொண்ணா எடுத்து அந்தத் தண்ணியில முக்கி வைங்க, கோரல் மேல பாக்குற மாதிரி. எடுக்கிற ஒவ்வொரு பாறையையும் டப்புக்கு மேல தலைகீழா பிடிச்சு உலுக்கணும். டாம்செல்லும் பிளென்னி வகையும் பொந்துக்குள்ளேயே உக்காந்து பாறையோட வெளிய வந்துடும். டேங்க்ல தண்ணி 15 செ.மீ.க்கு இறங்கினதும் லைட்டை அணைச்சு டார்ச்சை அடிங்க, அசையாம நிக்கும், அப்போ பிளாஸ்டிக் டப்பாவால கோரி எடுங்க. வலையில பவுடர் ப்ளூவோட வால் முள் மாட்டிக்கும், பிரிக்கும்போது விரலையும் கிழிச்சிடும்.

ஒரு மீனைக் கூட உள்ள விடக்கூடாது. ‘அதுமேல புள்ளி இல்லையே’ன்னு டாம்செல்லை விட்டுட்டீங்கன்னா மொத்த வேலையும் வீண். புள்ளி இல்லாத மீன் செவுள்ல தாங்கிக்கிட்டு இருக்கும்.

கோரல் பியூட்டி மாதிரி குள்ள ஏஞ்சல் காப்பருக்குக் கொஞ்சம் கூச்சப்படுறது உண்மைதான். அதனால அளவைக் குறைக்கக் கூடாது, ஏத்துற வேகத்தைக் குறைக்கணும். முதல் நாள் 1.5, மறுநாள் 2.0, மூணாம் நாள் 2.25. ஒரு நாள் டோஸை காலை, சாயந்திரம்னு பிரிச்சு, பவர்ஹெட் முன்னாடி சொட்டுச் சொட்டா விடுங்க. ஒவ்வொரு தடவையும் கலந்து அரை மணி ஆனப்புறம் செக்கர்ல பாருங்க. செக்கரோட குவெட் (சின்னக் கண்ணாடிக் குப்பி) வெளிய கைரேகை இருந்தாலும் உள்ள காத்துக்குமிழி இருந்தாலும் ரீடிங் பொய். துணியால துடைச்சு, தட்டிக் குமிழியை விரட்டிட்டு வைங்க.

2.0 தொட்ட நாள்லருந்து 30 நாள். நடுவுல ஒரு நாள் 2.0க்குக் கீழ போச்சுன்னா எண்ணிக்கை மறுபடியும் ஒண்ணுலருந்து. புள்ளி எல்லாம் முதல் வாரத்துலயே மறையும், அதைப் பாத்து நிறுத்தாதீங்க.

தண்ணி மாத்துற கணக்கையும் சொல்லிடுறேன், ரொம்பப் பேருக்கு இங்கதான் அளவு தவறுது. ஆவியாகிக் குறையுறதுக்கு வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும், காப்பர் இல்லாம. காப்பர் ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கும். 80 லிட்டர்ல 4 லிட்டர் குறைஞ்சாலே 2.5 இருந்தது 2.63 ஆயிடும். கண்ணாடியில மார்க்கர் பேனாவால கோடு போட்டு வச்சு, தினமும் அந்தக் கோட்டுக்கு நிரப்புங்க, அளக்குறதும் நிரப்பின அப்புறம்தான். அம்மோனியாவுக்காக 20 லிட்டர் மாத்தினா, புதுத் தண்ணியை வாளியிலேயே உப்பு, வெப்பம், காப்பர் மூணும் சரி பண்ணி, அதையும் அளந்து, அப்புறம் ஊத்துங்க. அம்மோனியா 0.5 தொட்டாலே மாத்திடுங்க. அம்மோனியாவைக் கட்டுற பிரைம் மாதிரி மருந்தைக் காப்பரோட சேர்க்கவே கூடாது. கட்டுண்டு இருக்கிற காப்பரை அது அவிழ்த்து விட்டு மீனைக் கொன்னுடும்.

---

கொல்லங்கோடு_மரைன்:

அக்கா சொல்றதை மறுக்கலை, ஆனா இக்குன்னு உறுதியா இருந்தா காப்பரே இல்லாத வழி இருக்கே. மாத்தித் தொட்டி முறை. மீன் ஒரு தொட்டியில 72 மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, அதுக்குள்ள அடுத்த சுத்தமான தொட்டிக்கு. நாலு மாத்தல், 12 நாள்ல வேலை முடியும். மீன்லருந்து விழுந்த ஓடு பொரிக்க குறைஞ்சது மூணு நாள் வேணும்ங்கிறதுதான் இதோட அடிப்படை. பொரிக்கும்போது மீன் அங்க இருக்காது. கோரல் பியூட்டிக்கு இதுதான் நிம்மதி.

உப்பைக் குறைக்கிற முறையும் உண்டு, எஸ்ஜி 1.009க்கு.

---

நாரோயில்_அக்கா:

மாத்தித் தொட்டி நல்ல முறை, சின்ன மீன் ஒண்ணு ரெண்டுக்கு நானும் அதையே சொல்வேன். அஞ்சு மீனுக்கு, அதுவும் பவுடர் ப்ளூ சேர்த்து, ஒவ்வொரு மாத்தலுக்கும் 80 லிட்டர் புதுக் கடல்தண்ணி, ரெண்டு செட் பம்ப், ஹீட்டர், பைப் எல்லாம் வேணும். பழைய செட்டைக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயில்ல ஈரமே இல்லாம காயவச்சுத்தான் மறுபடி எடுக்கணும். ஆனியாடி மழையில களியக்காவிளைப் பக்கம் எது முழுசா காயுது? காயாத ஒரு ஸ்பாஞ்ச் போதும், முறையே தோத்துடும். காய வழியில்லைன்னா பிளீச்சிங் தண்ணியில ஊறப் போட்டு அலசணும். இன்னொண்ணு, வெல்வெட் உள்ள ஒளிஞ்சிருந்தா இந்த முறை அதைப் பிடிக்காது. காப்பர் ரெண்டையும் பிடிக்கும். ஒரே மீன்மேல ரெண்டு நோயும் சேர்ந்து வர்றது அபூர்வம் இல்ல.

1.009 பத்தி: உப்பை அளக்குற ரெஃப்ராக்டோமீட்டர் துல்லியமா இல்லைன்னா தொடவே வேண்டாம். 1.011ல நின்னா ஒட்டுண்ணி பிழைச்சுக்கும். குறைஞ்ச உப்பைத் தாங்குற வகைகளும் இருக்கு, வெல்வெட்டும் அதுல சாகாது.

---

முட்டம்_அலை:

மெயின் டேங்க் காலியா கிடக்கிற நாளைப் பத்தி யாரும் சொல்லலை. ஓட்டுக்குள்ள அதிகபட்சமா 72 நாள் வரை கிடந்து பொரிஞ்சதா பதிவு இருக்கு. அதனாலதான் 76 நாள்னு எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. 27 டிகிரிக்குக் குறையாம வச்சா 45 நாள் போதும்னு இப்போ பலபேர் செய்யுறாங்க. சூடு கூடினா சுழற்சி வேகமா முடியும், நம்ம ஊர் வெப்பத்துக்கு அது ஒத்துவரும். ஆனா பவுடர் ப்ளூ மாதிரி இக்கை இழுக்குற மீன் திரும்பப் போகுற டேங்குக்கு நான் 76தான் சொல்வேன். அவசரம் என்ன இருக்கு?

அந்த நாள்கள்ல ஷ்ரிம்ப்புக்கும் பாக்டீரியாவுக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமா தீனி போடுங்க. புதுக் கோரல், புது நத்தை எதையும் சேர்க்காதீங்க. நத்தை ஓட்டுலயும் கோரல் துண்டு ஒட்டியிருக்கிற ஃப்ராக் பிளக்லயும் இதோட கூடு ஒட்டிக்கிட்டு வரும், சேர்த்தா அன்னைக்கு நாள் ஒண்ணு. ரெண்டு தொட்டிக்கும் பத்தடி இடைவெளி விடுங்க, ஏர் ஸ்டோன் தெறிக்கிற நுண்துளியிலயும் போகும். தனி வலை, தனி வாளி. முதல்ல மெயின் டேங்க் வேலையை முடிச்சுட்டு, அப்புறம் காப்பர் தொட்டியைத் தொடுங்க. திரும்பி வரும்போது முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவணும். ஒரு சொட்டுக் காப்பர் தண்ணி ஷ்ரிம்ப்பைக் கொல்லாது, ஈரக் கையே பழக்கமாயிட்டா கொல்லும்.

கடல்லருந்து தண்ணி எடுக்கிறவங்க யாராவது படிச்சா: தேங்காய்ப்பட்டணம் பக்கம் குழித்துறை தாமிரபரணி கலக்குது, மழையில உப்பு இறங்கிப் போகும், அங்க எடுக்க வேண்டாம். எங்க எடுத்தாலும் பச்சையா மீன் தொட்டிக்கு ஊத்தாதீங்க. 5 சதவீத ஹைப்போகுளோரைட் 5 லிட்டருக்கு 1 மில்லி, அதாவது 10 பிபிஎம் குளோரின், ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் பலமா காத்து விட்டு, குளோரின் டெஸ்ட் பூஜ்யம் காட்டின பிறகுதான் உப்பை அளக்கணும். அப்புறம், கடற்கரையில ஒதுங்கிக் கிடக்கிற பவளப் பாறையை லைவ் ராக்னு எடுத்துட்டு வராதீங்க. பவளம் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, செத்த துண்டுக்கும் வழக்கு உண்டு.

---

களியக்காவிளை_ரீஃப்:

மீன் அஞ்சும் தொட்டிக்கு மாறியாச்சு. காப்பர் இப்போ 2.0. பவுடர் ப்ளூ நோரி (காஞ்ச கடல்பாசி) தின்னுது, க்ளவுன் பரவாயில்ல. கோரல் பியூட்டி மட்டும் எல்போவுக்குள்ளேயே இருக்கு, தீனியை வாயில எடுத்துத் துப்புது. டாம்செல் வேற அதை விரட்டுது. காப்பரைக் குறைக்கவா?

---

நாரோயில்_அக்கா:

குறைக்காதீங்க. 2.0லயே ரெண்டு நாள் நிறுத்தி வைங்க, மேல ஏத்த வேண்டாம். மூச்சை மட்டும் பாருங்க. நிதானமா இருந்தா காப்பர் தாங்குது, பயந்துதான் தின்னலை. டாம்செல்லைத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு அதே தொட்டியிலேயே தொங்கவிடுங்க, கோரல் பியூட்டி வெளிய வரும். உறைஞ்ச மைசிஸை (குட்டி இறால் தீனி) உருக்கி வைட்டமின் சொட்டு விட்டுக் கால் மணி ஊறவச்சு, எல்போ வாசல்ல பிப்பெட்டால விடுங்க. பத்து நிமிஷத்துல தின்னாததை அதே பிப்பெட்டால உறிஞ்சி எடுத்துடுங்க, இல்லைன்னா ராத்திரிக்குள்ள அம்மோனியா.

மூச்சு வேகமாகி மேல்மட்டத்துல வாய் பிளந்து நின்னா மட்டும் அதை எடுத்து, கொல்லங்கோடு தம்பி சொன்ன மாத்தித் தொட்டி முறைக்கு அந்த ஒரு மீனை மட்டும் கொண்டு போங்க. ஒத்தை மீனுக்கு 25 லிட்டர் வாளி ரெண்டு போதும். மத்த நாலும் காப்பர்லயே இருக்கட்டும்.

30 நாள் முடிஞ்சதும் நேரா மெயின் டேங்குக்குப் போட முடியாது, அது 76 முடியணும். அந்த இடைப்பட்ட நாளுக்கு ஸ்பாஞ்சைக் கழுவி, பாதிப் பாதியா தண்ணி மாத்தி, கார்பன் போட்டு காப்பரைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துட்டு அதே தொட்டியிலேயே வச்சுக் கவனிங்க. காப்பர் இல்லாத தண்ணியில புள்ளி திரும்ப வருதான்னு பாக்குறதுக்கும் அந்த நாள் உதவும். அப்போ ஃப்ளூக்குக்கு (தட்டைப்புழு) பிராசிக்வாண்டெல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. தண்ணியில கரையாது, கொஞ்சம் ஆல்கஹால்ல கரைச்சு ஊத்துங்க, ஊத்துறதுக்கு முன்னாடி கார்பனை எடுத்துடுங்க.

---

முட்டம்_அலை:

ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன். பவுடர் ப்ளூ வளர்ந்தா முக்காலடி வரும், நாலடி டேங்க் அதுக்குப் போதாது. நெருக்கடியில இருக்கிற மீன்தான் எப்பவும் முதல்ல விழும். 76 நாள் இருக்கு, ஆறடி டேங்க் வச்சிருக்கிறவங்க யாருக்காவது குடுக்க இப்பவே பேசி வைங்க தம்பி.